தாராக் குளத்தில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கொழும்பில் தாரா வளர்ப்பவருக்குப் பெரும்பாலும் ஆறு எட்டுப் பேர்ச் காணிதான் இருக்கும். வீடு போக மிஞ்சும் பின்வளவில் ஒரு குளம், அதில் இரண்டு மூன்று தாரா, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குசினி. இந்த இடநெருக்கத்தில் குளத்தில் சின்னப் பிழை வந்தாலும் இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உங்கள் குளத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் பிடியுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீருக்குள் எதையாவது போட்டுத் தீரும் கோளாறு மிகக் குறைவு. பெரும்பாலானவை தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் வருபவை.

தாராவின் கழுத்து தொய்ந்து கிடக்கிறது

இதுவென்றால் மற்றதெல்லாம் பிறகு. தலையைத் தூக்க முடியாமல், கால் இழுபட்டு, கண்ணிமை பாதி மூடிக் கிடந்தால் பொட்டுலிசமாக இருக்கலாம். அழுகிய இலை, செத்த எலி, புழு வைத்த தீனி எல்லாம் கிடக்கும் வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகும் ஒரு பக்டீரியாவின் நஞ்சு அது. கழுத்து நிற்காத தாரா நான்கு விரல் தண்ணீரிலும் மூழ்கிச் செத்துவிடும். எல்லாத் தாராக்களையும் உடனே குளத்திலிருந்து எடுத்து, நிழலான உலர்ந்த இடத்தில் விடுங்கள். தானாகக் குடிக்க முடிந்தால் மட்டும் சுத்தமான தண்ணீர் வையுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் சுவாசக் குழாய்க்குள் போய்விடும். மிருக வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டுக் குளத்தை முழுதாகக் காலி பண்ணுங்கள். மூலை முடுக்கு, படியின் அடி, பக்கத்துப் பற்றை எல்லாம் தேடிச் செத்தது எதுவும் கிடந்தால் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். செத்த உடலில் வரும் புழுக்களிலும் அந்த நஞ்சு இருக்கும், தாரா அதைத்தான் விரும்பித் தின்னும்.

பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் நீங்களாக எதையும் தொடாதீர்கள். அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

குளம் இன்னும் வாங்கவில்லை, எதை வாங்குவது என்று தெரியவில்லை

கடையில் எல்லாரும் குளத்தின் அகலத்தைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 1.2 மீற்றர் விட்டமுள்ள வட்டக் குளத்தில் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 340 லீற்றர் வரும். 340 கிலோவை நீங்கள் தனியே கவிழ்க்கப் போவதில்லை, இரண்டு பேர் சேர்ந்தாலும் நடக்காது. வாளியால் அள்ளி ஊற்ற வேண்டிவரும். முதல் வாரம் ஆசையாக அள்ளுவீர்கள், மூன்றாம் வாரம் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தோன்றும், அங்கே தொடங்கும் எல்லாக் கோளாறும். அடியில் ஒன்றரை அங்குல பிவிசி குழாயும் ஒரு வால்வும் இருந்தால் அதே வேலை, நீங்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் தானாக நடந்துவிடும். அதைவிட ஒடுங்கிய குழாய் வேண்டாம், இறகும் சேறும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு தாராவுக்கு என் முதல் தெரிவு பழைய குளியல் தொட்டி. பழைய வீடு உடைத்த சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். ஓட்டையும் சரிவும் ஏற்கெனவே அதில் உண்டு. இரண்டு வரிசை சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி வைத்தால் அடியில் குழாய் பூட்ட இடம் வரும். ஏறுவதற்குப் பலகையும் உள்ளே கால் வைக்க இரண்டு செங்கல்லும் போதும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் வரும் பிள்ளைகள் குளமும் நல்லது, ஆனால் வெயிலில் கிடந்தால் நாளடைவில் விளிம்பு வெடிக்கும். காற்றடிக்கும் குளம் வேண்டவே வேண்டாம், தாராவின் நகம் அதை விட்டுவைக்காது. சீமெந்துத் தொட்டி கட்டினால் புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரையும். சில நாள் நிரப்பி வைத்து ஊற்றுவதைப் பலமுறை செய்த பிறகுதான் தாராவை இறக்க வேண்டும். தொட்டியின் உட்பக்கத்தை வழுவழுப்பாகப் பூசச் சொல்லுங்கள், ஏன் என்பதைக் கீழே தாரா நொண்டுவதைப் பற்றிச் சொல்லும்போது எழுதியிருக்கிறேன்.

ஆழம் 30 முதல் 45 சென்ரிமீற்றர் தாராளம். தலையை முழுதாக அமிழ்த்த முடிய வேண்டும், உடம்பு மிதக்க வேண்டும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் மேலே சொன்ன பாரத்தை ஒருமுறை திரும்ப வாசியுங்கள். கட்டிடம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

பொழுது சாயும்போதே தண்ணீர் கபில நிறம், கூழ்முட்டை நாற்றம்

அடிக்கடி வரும் முறைப்பாடு இது. காலையில் நிரப்பிய தண்ணீர் மாலையில் கலங்குவது இயல்புதான், தாரா தண்ணீருக்குள்ளேயே எச்சமிடும் பறவை. கலங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாற்றத்துக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

முதலில் தீனிச் சட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாராவுக்கு ஒரு வாய் தின்று ஒரு வாய் குடிக்கும் பழக்கம். சட்டி குளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வாய் நிறையத் தீனியோடு வந்து குளத்தில் கழுவும். நீங்கள் போட்ட தவிடும் கோழித்தீனியும் அடியில் படிந்து புளிக்கும். சட்டியைக் குளத்திலிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வையுங்கள். ஆனால் சட்டிக்குப் பக்கத்தில் ஆழமான வாளி ஒன்றில் குடிதண்ணீர் கட்டாயம் வேண்டும், தண்ணீரில்லாமல் உலர் தீனி தொண்டையில் சிக்கும். இதைச் செய்த வீடுகளில் பாதி நாற்றம் அன்றைக்கே குறையும்.

அப்புறம் அடியைத் தடவிப் பாருங்கள். கறுத்த, வழவழத்த சேறு விரல் தடிப்புக்கு இருந்தால் நீங்கள் தண்ணீரை மாற்றியிருக்கிறீர்கள், குளத்தைக் கழுவவில்லை. காற்றுப் படாத அந்தச் சேறுதான் கூழ்முட்டை வாடையை விடுகிறது. புதுத் தண்ணீர் விட்டாலும் தாரா இறங்கிக் கலக்கியதும் பழைய கதைதான். காலி பண்ணும்போது வால்வைத் திறந்துவிட்டுத் தும்புத்தடியால் அடியையும் சுவரையும் தேய்த்துச் சேறு தண்ணீரோடு சேர்ந்து போகும்படி செய்யுங்கள். சவர்க்காரம் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் நாறினால் குளத்துக்குத் தாரா கூடிவிட்டது என்று பொருள். மேலே சொன்ன 340 லீற்றர் குளம் மூன்று தாராவுக்குச் சரி, வாரத்துக்கு மூன்றுமுறை மாற்றினால் தாக்குப்பிடிக்கும். அப்படி மாற்றினால் வாரத்துக்கு 1,000 லீற்றர் செலவாகும், அதாவது தண்ணீர் பில்லில் ஒரு அலகு. மாதத்துக்கு நான்கைந்து அலகு கூடும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பீலியில் விழும் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தால் மே முதல் செப்டெம்பர் வரையும், பிறகு ஒக்டோபர், நவம்பர் மழையிலும் நல்ல பங்கு மிச்சப்படும். பீப்பாயை வலையால் மூடுங்கள், நுளம்பு.

தண்ணீர் பச்சையாகிவிட்டது

எச்சத்திலுள்ள சத்தும் வெயிலும் சேர்ந்தால் பாசி வரும். இளம் பச்சை நிறத்தால் தாராவுக்குக் கேடில்லை. வெயிலைக் குறையுங்கள். பச்சை வலையோ கிடுகுப் பந்தலோ போட்டால் போதும். ஏப்ரல் முதல் வாரம் தாண்டும்போது சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும், அந்த நாட்களில் மதிலோர நிழலை நம்ப முடியாது. சின்னத் தொட்டியின் தண்ணீர் நண்பகலில் சுடும் அளவுக்கு வந்துவிடும். நிழலுக்காக அலரிச் செடி நடாதீர்கள், அதன் இலையும் பூவும் நஞ்சு.

மேலே நீலப்பச்சைச் சாயம் ஊற்றினாற்போலப் படலம் கட்டியிருந்தால் அது வேறு விஷயம். அந்த வகை உயிரினம் நஞ்சு விடக்கூடியது. தாராவை ஏற்றிவிட்டு, காலி பண்ணி, தேய்த்து, ஒரு நாள் முழுதும் வெயிலில் காயவிடுங்கள்.

பாசியைக் கொல்ல என்று கடையில் விற்கும் மருந்தையோ மயில்துத்தத்தையோ தாரா குடிக்கும் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

தாரா நனைந்து போய் வெளியே வருகிறது

கையை நனைத்து அதன் முதுகில் நாலு துளி தெளியுங்கள். துளி உருண்டு ஓடி நிலத்தில் விழ வேண்டும். இறகு கறுத்து, துளி உள்ளே ஊறினால் இறகின் நீர்காப்பு போய்விட்டது. அந்தத் தாராவை ஆழத் தண்ணீரில் விடாதீர்கள், பாரம் ஏறி அமிழ்ந்துவிடும்.

இப்போது வாலின் மேல்பக்க அடியில் இறகை விலக்கிப் பாருங்கள். சின்ன முகிழ் ஒன்று தெரியும், அதன் நுனியில் குஞ்சம் கட்டினதுபோல் மெல்லிய இறகு இருக்கும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. தாரா அலகை அதில் உரசி உடம்பெல்லாம் பூசும். குஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தால் சுரப்பி வேலை செய்கிறது, கோளாறு தண்ணீரில்தான். காய்ந்தோ வீங்கியோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தண்ணீர்தான் காரணம் என்றால், குளம் கழுவச் சவர்க்காரத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ பாவித்தீர்களா என்று யோசியுங்கள். எண்ணெயைக் கரைப்பதுதான் அவற்றின் வேலை, சட்டியில் இருந்தாலும் சரி, இறகில் இருந்தாலும் சரி. துணி கழுவும் கல்லிலிருந்து வழியும் தண்ணீர் குளத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள், கொழும்பு வளவுகளில் இரண்டும் பெரும்பாலும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். நாட்கணக்கில் அழுக்குத் தண்ணீரில் குளிப்பதும், குளிக்கத் தண்ணீரே இல்லாமல் சேற்றில் கிடப்பதும் இதே நிலைமையில் கொண்டுவந்து விடும். மருந்து ஒன்றுதான்: தினமும் புதிதாக நிரப்பிய ஆழமில்லாத பேசினில் குளிக்கவிட்டு, உலர்ந்த வைக்கோல் மேல் கோதிக்கொள்ளவிடுங்கள். பேனும் இருக்கிறதா என்று இறகின் அடியைப் பாருங்கள். மோசமாகக் கெட்டிருந்தால் பழைய இறகு உதிர்ந்து புது இறகு வந்த பிறகுதான் முழுதாகச் சரியாகும்.

தாயில்லாமல் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் இந்த எண்ணெய் போதாது. தாயோடு வளரும் குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து கிடைக்கும். இன்கியுபேட்டர் குஞ்சுகளை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், கால் நிலத்தில் படும் ஆழத்தில், சில நிமிடம் விட்டுத் துடைத்து எடுங்கள்.

கண்ணோரம் நுரை, இமை ஒட்டிக்கொள்கிறது

தலையை அமிழ்த்திக் கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவ முடியாத தாராவுக்கு இது வரும். கோழிக்கு வைக்கும் தட்டைத் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டு ஆழமான வாளி வையுங்கள். சுத்தமான தண்ணீரில் ஓரிரு நாளில் தெளியாவிட்டாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ வைத்தியர்.

குளத்துக்குள் இறங்க மாட்டேன் என்கிறது, அல்லது இறங்கினால் ஏற முடியவில்லை

இரண்டுக்கும் காரணம் விளிம்பு. வெளியே பலகை வைப்பார்கள், உள்ளே படி வைக்க மறந்துவிடுவார்கள். தண்ணீர் மட்டம் குறைந்ததும் வழுக்கும் சுவரில் தாரா களைக்கக் களைக்க முயலும், அப்படியே போய்விடவும் கூடும். உள்ளே இரண்டு அடுக்குச் செங்கல், பலகையில் குறுக்கே சட்டம் அல்லது பழைய கயிற்றுப் பாய். புதுக் குளத்துக்குப் பயந்தால் முதல் நாள் கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு, கொஞ்சம் கங்குன் இலை மிதக்கவிடுங்கள்.

நொண்டுகிறது

தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு என்றால் பாதத்தில் சீழ்க்கட்டு. கரடுமுரடான சீமெந்திலோ கூர்ச் சல்லியிலோ தோல் கீறி, ஈர அழுக்கில் கிருமி உள்ளே போயிருக்கும். தொடக்கத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, உலர்ந்த மெத்தென்ற இடத்தில் விட்டால் ஆறக்கூடும். பொருக்கு தடித்திருந்தால் நீங்கள் வெட்டி எடுக்கப் போகாதீர்கள், உள்ளே ஆழம் இருக்கும். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு அதே சல்லி மேல் திரும்ப விட்டால் அடுத்த மாதம் மற்றக் காலும் போகும். குளத்தின் உட்பக்கத்தை வழுவழுப்பாகப் பூசச் சொன்னது இதற்காகத்தான்.

குளத்தைச் சுற்றி ஒரே சேறு, பக்கத்து வீட்டுக்காரர் முகம் கறுக்கிறது

"அங்கிள், உங்கட தாராத் தண்ணி எங்கட கேட்டடியால ஓடுது" என்று ஒரு பிள்ளை வந்து சொல்லும் வரைக்கும் விடக் கூடாது. அழுக்குத் தண்ணீரை வீதிக் கானில் திறந்துவிடுவது பலர் செய்வது. கான் அடைபட்ட நாளில் அது உங்கள் பெயரோடு அடுத்த வாசலுக்குப் போகும்.

அந்தத் தண்ணீர் வாழைக்கும் பப்பாசிக்கும் நல்ல பசளை. வால்விலிருந்து ஒரு குழாயை வாழையடிக்குக் கொண்டுபோய், இரண்டு மூன்று இடத்துக்கு மாற்றி மாற்றி விடுங்கள். ஒரே இடத்தில் 340 லீற்றரும் விழுந்தால் அங்கேயும் சேறுதான். வல்லாரை, பொன்னாங்காணிப் பாத்திக்கு மட்டும் விடவே வேண்டாம். தாரா எச்சத்தில் சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி இருக்கலாம், வல்லாரைச் சம்பலை நாம் பச்சையாகச் சாப்பிடுகிறோம். குளத்தில் கை வைத்த பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும். கிணறுள்ள வளவென்றால் குளமும் கழிவுநீரும் கிணற்றிலிருந்து எட்டவே இருக்கட்டும்.

குளத்தைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒரு சாண் மண்ணை வெட்டியெடுத்து, கீழே சல்லிக்கல், மேலே தடிப்பாக மணல் போடுங்கள். மணல் கறுத்தால் மேல் அடுக்கை மாற்றினால் போதும். தேங்காய் உரிமட்டை போடுகிறவர்கள் உண்டு. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இங்கே அதற்கு எதிரானதுதான் தேவை.

தண்ணீரில் புழு நெளிகிறது

டெங்கு விஷயத்தில் கொழும்பில் யாரும் அலட்சியமாக இருக்க முடியாது. 2017இல் நாடு முழுதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. தாரா தினமும் கலக்கும் குளத்தில் நுளம்புக் குடம்பி தப்புவது அரிது, தாராவே தின்றுவிடும். ஆபத்து குளத்தைச் சுற்றி இருக்கிறது: கவிழ்க்காமல் விட்ட பழைய பேசின், சீமெந்துக் கல்லின் குழி, விரிப்பின் மடிப்பு, பாவிக்காத குடிவாளி. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். ஊற்றினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டி உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் குளத்தை எப்படிக் காலி பண்ணுகிறீர்கள் என்று திறந்து காட்டுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தாராவின் இறகுக்கும் குடலுக்கும் அது கேடு.

முட்டை குளத்தின் அடியில் கிடக்கிறது

தாரா பெரும்பாலும் விடியப்புறத்தில் இடும். காலை எட்டரை, ஒன்பது வரை கூட்டைத் திறக்காமல் விட்டால் இது நின்றுவிடும். அழுக்குத் தண்ணீரில் கிடந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம், ஓட்டிலுள்ள நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும்.

பம்ப் நின்று நின்று போகிறது

மீன்தொட்டி வடிகட்டியைத் தாராக் குளத்தில் போட்டால் இறகும் சேறும் ஒரே நாளில் அடைத்துவிடும். பம்பை ஓட்டை போட்ட வாளிக்குள் வைத்து, வாளியைச் சுற்றி வலை கட்டினால் கொஞ்சம் தாங்கும். இரண்டு மூன்று தாராவுக்குப் பம்பே தேவையில்லை, அந்தக் காசில் நல்ல வால்வு ஒன்று வாங்கலாம் என்பது என் எண்ணம். பம்ப் வைப்பதென்றால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகுதான் வயரைத் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் மட்டம் தானாகக் குறைகிறது

தாரா சிறகடித்து வெளியே இறைப்பதே கணிசம். ஒழுக்கா என்று அறிய, தாராக்களைக் கூட்டில் அடைத்த பிறகு குளத்தின் மட்டத்தையும் பக்கத்தில் வைத்த ஒரு வாளித் தண்ணீரின் மட்டத்தையும் குறித்துவிட்டு, மழையில்லாத இரவொன்றுக்குப் பின் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஆவியானது. குளம் மட்டும் கூடக் குறைந்திருந்தால் முதலில் வால்வின் வாயையும் பிறகு ஓட்டையைச் சுற்றிய இறப்பர் வளையத்தையும் பாருங்கள். வால்வில் இறகு சிக்கி முழுதாக மூடாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வெள்ளம் வந்து கான் தண்ணீர் குளத்துக்குள் ஏறிவிட்டது

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வளவுகள் மூழ்கிக் கிடந்தன. அப்படியான தண்ணீரில் மலசலக் குழியும் எலிக்காய்ச்சல் கிருமியும் கலந்திருக்கும். கையுறையும் சப்பாத்தும் போட்டுக் காலி பண்ணுங்கள். சேற்றைத் தேய்த்து எடுத்த பிறகு, ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சுவரெங்கும் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். அதோடு வினாகிரியோ அமிலமோ சேர்த்தால் நச்சு வாயு வரும், கலக்கவே கூடாது. பிறகு நன்றாக அலசி, வாடை முற்றாகப் போகும் வரை வெயிலில் காயவிட்டு நிரப்புங்கள். தரையில் சிந்திய தீனியையும் அன்றைக்கே கூட்டி எடுங்கள், வெள்ளம் வடிந்ததும் எலியும் பெருச்சாளியும் முதலில் தேடி வருவது அதைத்தான்.